லைட் வைக்கிறாங்க

பதினாறு கிலோமீட்டர்,
ஹட் பே,
8.6.2025

அன்புத் தம்பி தேவேந்திரனுக்கு,

அக்கா புஷ்பா எழுதுவது. இங்கே நான், உன் மச்சான், சௌமியா எல்லாரும் சுகம். நீயும் சித்ராவும் சுகமாக இருக்க நம் பதினாறு கிலோமீட்டர் கிராமத்து முருகன் துணை.

உறையில் உன் பெயரை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ரேஷன் கடையில் கையெழுத்துப் போடத்தான் நான் பேனா பிடித்திருக்கிறேன். போன் கப்பல்துறை ஜெட்டியில் தண்ணீருக்குள் விழுந்து கேமரா போய்விட்டது, வீடியோ வராது, பேசினாலும் பாதியில் அறுந்துபோகிறது, அதனால் எழுது அக்கா என்கிறாய். கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிற கவர்மென்ட் ஆளுக்கு ஒரு போன் வாங்க வழியில்லையா? போர்ட் பிளேருக்கே ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பேர் வைத்துவிட்டார்கள், நீ என்னடா என்றால் தபால்காரன் காலத்துக்குத் திரும்புகிறாய். சரி, இதிலும் ஒரு சௌகரியம் உண்டு. என் போன் எப்போதும் சௌமியா கையில். நான் பேசுவதை வீடே கேட்கும். கடிதம் என்றால் நமக்குள் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகளுக்கு இடம் அமைந்துவிட்டது. பாராடாங் ஜெட்டி பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஜம்புலிங்கம் அண்ணன் மகன். பெயர் நந்தகுமார். மரியாதையான பையன், அதிகம் பேசமாட்டான். அந்தக் குறையை சௌமியா சரிசெய்துவிடுவாள். ஆனி கடைசியில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் நீ. முதல் மாலை உன் கையால்தான் அவள் கழுத்தில் விழவேண்டும். மணவறைக்கு அவள் கையைப் பிடித்துக் கூட்டிவருவதும் நீதான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, மாமன் இல்லாக் கல்யாணம் சந்தியிலே. பின்பாதி நான் கட்டியது.

இப்போதே ஆபீசில் லீவுக்கு சுட்டி எழுதிக் கொடுத்துவிடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா புஷ்பா

*

குட்வில் எஸ்டேட்,
போர்ட் பிளேர்,
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தேவேந்திரன் வணக்கம். நானும் சித்ராவும் நலம். உனக்கும் மச்சானுக்கும் கடல்காற்று ஒத்துக்கொள்கிறதா? மச்சானின் முழங்கால் வலி எப்படி?

சௌமியா சேதி படித்து சித்ரா அழுதேவிட்டாள். என் தோளில் உட்கார்ந்து ரெட் ஆயில் செம்பனைத் தோட்டம் முழுக்கச் சுற்றிய குட்டிக்குக் கல்யாணமா?

ஆனால் நிச்சயத்துக்கு வருவது கஷ்டம் அக்கா. மழைக்காலம். கப்பல் எப்போது ஓடும், எப்போது கேன்சல் ஆகும் என்று டிக்கெட் கொடுக்கிற எங்களுக்கே தெரியாது. என்னைக் கவுண்டரிலிருந்து உள்ளறைக்கு மாற்றியிருக்கிறார்கள். புது வேலை, சுட்டி கேட்கத் தயக்கமாக இருக்கிறது. சேலையும் மாலைக்கு ஜரிகையும் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் வெள்ளைச்சாமி அண்ணன் அடுத்த கப்பலில் கடைக்குச் சரக்கு எடுக்க வருவாராமே, அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். என் இடத்தில் மச்சானின் தம்பி மாலை போடட்டும்.

கல்யாணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்
தேவேந்திரன்

*

ஹட் பே,
13.7.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் ராஜா? ராத்திரி தூக்கம் வருகிறதா?

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. சேலை சௌமியாவுக்கு எடுப்பாக இருந்தது. மாமன் எங்கே என்று ஜம்புலிங்கம் அண்ணன் மூன்று தடவை கேட்டார். வேலை என்று சொன்னேன். நீ வராததில் எனக்குக் கோபம் இல்லை. துளிக்கூட இல்லை. அதை நினைத்து நீ மனசைப் போட்டு உழப்பாதே.

வெள்ளைச்சாமியிடம் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். நாட்டுக்கோழி முட்டை, மாதுளை, பேரீச்சை எல்லாம் இருக்கிறது. தினமும் சாப்பிடு. வாய் கசந்தால் மாதுளையைச் சாறு பிழிந்து குடி. முடி கொட்டுகிறதா? கொட்டினாலும் பரவாயில்லை, திரும்ப முளைக்கும். கனமான வேலை ஒன்றும் செய்யாதே. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்தன்தான் என்பதை மட்டும் மறக்காதே.

உன் நினைவாகவே இருக்கும்
அக்கா

*

குட்வில் எஸ்டேட்,
20.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். இந்த முறை உண்மையாகவே ஆவல். உனக்கு என்ன ஆச்சு?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். திட்டு ஒன்றுகூட இல்லை. நிச்சயத்துக்கு வராத தம்பியைத் திட்டாத அக்காவை இந்தத் தீவிலேயே யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். மச்சானுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா? மறைக்காதே.

என் முடிக்கு என்ன கேடு? அப்பாவைப் போலத்தான், உச்சியில் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, மற்றபடி அங்கேயேதான் இருக்கிறது. பெட்டி வந்தது. மாதுளையைத் தின்று தின்று சித்ராவின் கன்னம்தான் சிவக்கிறது.

ஆவணியில் வருவதாக வாக்குக் கொடுக்க முடியவில்லை அக்கா. காரணம் கேட்காதே.

அன்புடன்
தேவேந்திரன்

*

ஹட் பே,
29.7.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

அண்ணி எழுதுவது. நலமா என்று கேட்க வாய் வரவில்லை. இதை வேண்டுமென்றே நீ வேலைபார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன். போனில் பேசினால் அவன் பக்கத்தில் இருப்பான்.

எனக்குத் தெரிந்துபோய்விட்டது அம்மா. சேலை வாங்கிக்கொள்ள வெள்ளைச்சாமி ஆபீசுக்குப் போனபோது தேவேந்திரன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான் என்றார்களாம். வெள்ளைச்சாமியும் விசாரித்துக்கொண்டு அங்கேயே போயிருக்கிறார். முகத்தில் மாஸ்க், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, ஒரு அறையிலிருந்து தம்பி வெளியே வந்தானாம். இவரைப் பார்த்ததும் பையைக் கையில் கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டானாம். அங்கிருந்த வார்ட் பாயைக் கேட்டிருக்கிறார். வந்து என்னிடம் சொன்னது இதுதான்: "தங்கச்சி, மனசத் திடப்படுத்திக்க. தேவாவுக்கு லைட் வைக்கிறாங்க. வாரத்துக்கு ரெண்டு தரம்."

லைட் வைப்பது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? ஒச்சம்மா அத்தையைத் தொண்டையில் கட்டி என்று சென்னைக்குக் கொண்டுபோய் லைட்தான் வைத்தார்கள். முடி கொட்டி, சோறு இறங்காமல், அடுத்த தீபாவளியை அவள் பார்க்கவில்லை.

அவனாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். சொல்லவில்லை. என்னைப் பயப்படுத்தக்கூடாது என்று நினைக்கிறான். நான் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

ஜம்புலிங்கம் அண்ணனிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். என் தம்பிக்கு கான்சர், அவன் தேறி வந்து கைபிடித்துக் கொடுக்காமல் என் பெண் மணவறை ஏறமாட்டாள், தைக்குத் தள்ளிவைப்போம் என்றேன். அந்த மனுஷன் கண் கலங்கி, சரி என்றார். சௌமியா சாப்பிடாமல் கிடக்கிறாள்.

எந்த இடத்தில், எவ்வளவு நாளாக என்று எனக்கு எழுது. நான் கிளம்பி வரட்டுமா?

உன் அண்ணி
புஷ்பா

*

குட்வில் எஸ்டேட்,
17.8.2025

அண்ணி, முதலில் சித்ரா எழுதுகிறேன். கான்சர் இல்லை. இல்லவே இல்லை. புயல் மழையில் கப்பல் நின்று உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. படித்த கையோடு போன் போட்டேன், ஹட் பேயில் டவரே இல்லை என்கிறது. அவரிடம் கடிதத்தைக் காட்டிவிட்டேன், மன்னித்துவிடுங்கள். மீதியை அவர் எழுதுவார். நாளை கப்பல் விடுகிறார்களாம், தெரிந்த ஆள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறோம்.

அக்கா,

நான் சாகமாட்டேன். நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் இடது கண்ணுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது. தேமல் என்று நினைத்தேன். ஏப்ரலுக்குள் கன்னத்தில் இறங்கி உதட்டோரம் வந்துவிட்டது, கைவிரல்களிலும் வந்தது. கவுண்டரில் ஒரு பொம்பளை நான் கொடுத்த சில்லறையை முந்தானையால் வாங்கினாள். மறுநாளே உள்ளறை கேட்டு வாங்கிக்கொண்டேன். போன் தண்ணீரில் விழவில்லை அக்கா. வீடியோவில் நீ முகத்தைப் பார்த்துவிடுவாய் என்றுதான் அந்தப் பொய். மாஸ்க்கும் அதற்குத்தான்.

அதற்குத் தமிழில் என்ன பேர் என்று உனக்குத் தெரியும். வெண்குஷ்டம். எழுதவே கை கூசுகிறது. குஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தொற்றவும் தொற்றாது. தோலில் நிறம் போடுகிற அணுக்கள் வேலையை நிறுத்திவிடுகின்றன, அவ்வளவுதான். ஆனால் வாலில் அந்த வார்த்தை தொங்குகிறதே. பெண்ணின் தாய்மாமனுக்கு இது என்று பாராடாங்கில் தெரிந்தால், பெண்ணுக்கும் வரும், பிறக்கும் பிள்ளைக்கும் வரும் என்று சம்பந்தத்தையே முறித்துவிடுவார்களோ என்று பயந்தேன். சௌமியா வாழ்க்கையில் என் முகம் குறுக்கே நிற்கவேண்டாம் என்றுதான் வராமல் இருந்தேன்.

டாக்டரம்மா மெயின்லேண்டிலிருந்து வந்தவர், சின்ன வயசு. அந்தப் பேரைச் சொன்னதும் கோபித்துக்கொண்டார். வெண்புள்ளி என்று சொல்லுங்கள், தமிழ்நாட்டில் பேரை மாற்றி வருஷக்கணக்காகிறது என்றார். அவர்தான் இந்த லைட்டுக்கு அனுப்பினார். பீரோ மாதிரி ஒரு பெட்டி, உள்ளே சுற்றிலும் நீளமான குழல் விளக்குகள். கண்ணாடி போட்டுக்கொண்டு நடுவில் நிற்கவேண்டும். முதல் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள், எண்ணத் தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். வெயிலில் நல்லதும் உண்டு, தோலைச் சுடுவதும் உண்டு. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி வேண்டாததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு நல்லதை மட்டும் விளக்கில் வைத்திருக்கிறார்களாம். வலி இல்லை. முடியும் கொட்டாது.

அந்த வார்ட் பாய் இந்தியில் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். "லைட் தேதே ஹை, ஹஃப்தே மே தோ பார்." லைட் கொடுக்கிறார்கள், வாரம் இரண்டு தடவை. வெள்ளைச்சாமி அண்ணன் அதைத் தமிழாக்கி "வைக்கிறாங்க" என்று உன்னிடம் இறக்கிவிட்டார். "காட்டுறாங்க" என்று சொல்லியிருந்தால் நீ இத்தனை நாள் தூங்கியிருப்பாய்.

உன் மாதுளைக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. படித்துச் சிரித்தேன், பிறகு சித்ரா வந்து தேற்றவேண்டியிருந்தது.

உன் தம்பி
தேவேந்திரன்

*

ஹட் பே,
24.8.2025

டேய் தேவேந்திரா,

உனக்கு சுகமும் கிடையாது துணையும் கிடையாது. நேரில் வந்தால் விளக்குமாறு இருக்கிறது.

கடிதத்தைக் கொண்டுவந்தவர் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். கெட்ட சேதி என்று நினைத்து அவர் ஓடிப்போய் உன் மச்சானைக் கூட்டிவந்துவிட்டார். மச்சான் படித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். முழங்கால் வலியோடு நடந்தே போனார். வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டு விசாரித்தேன். "ரெண்டும் ஒண்ணுதானே தங்கச்சி" என்கிறார். பிறந்ததிலிருந்து வெள்ளை என்று பேர் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் தலை நிமிர்ந்து நடக்கிறார், நீ கன்னத்தில் நாலு பொட்டுக்கு ஒளிந்து கிடக்கிறாய்.

மெயின்லேண்டில் பேரை மாற்றியது நல்ல காரியம். போர்ட் பிளேருக்குப் பேர் மாற்றியதால் எனக்கு ஒன்றும் மாறவில்லை, கப்பல் அதே ஜெட்டியில்தான் கட்டுகிறது. ஆனால் இந்தப் பேர் மாறினால் மனுஷன் முகத்தைக் காட்டுவான் இல்லையா?

பாராடாங் சேதி. ஜம்புலிங்கம் அண்ணனிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். வெண்புள்ளி என்று உன் டாக்டரம்மா சொன்னபடியே சொன்னேன். கேட்டுவிட்டு, "ஏம்மா, அப்போ ஆளு நல்லாத்தான் இருக்காரா? நான் இங்க தினம் அவருக்கு வெளக்கு ஏத்திக்கிட்டு இருக்கேன்" என்றார். கான்சருக்குக் கண் கலங்கின மனுஷனுக்கு இது ஒரு பொருட்டாகவே படவில்லை. நேரே போய் முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, எனக்குத் தெரியாது. ஆக வெள்ளைச்சாமியின் இந்தி நமக்கு நல்லதுதான் செய்திருக்கிறது.

சம்பந்தியம்மா அப்படி இல்லை. உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். இங்கேதான் நான் உனக்கு ஒன்று சொல்லவேண்டும்.

அம்மாவுக்கு இருந்தது. தொடையிலும் இடுப்பிலும். அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்போது நாம் இருந்த கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் தட்டி கட்டி, கார்போகரிசி விதையை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் உட்காருவாள். நீ சின்னப்பிள்ளை, அம்மா ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்பாய். வற்றல் காயப்போட்டிருக்கிறாள், காக்கா விரட்டுகிறாள் என்று சொல்லி உன்னைத் தூக்கிக்கொண்டு போவேன். பல நாள் தோல் வெந்து கொப்புளமாகிவிடும். சத்தம் போடாமல் தாங்கிக்கொள்வாள். அவளுக்கு வெயிலைப் பொறுக்கிக் கொடுக்க யாரும் இல்லை. கடைசிவரை யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உன் கடிதத்தைப் படித்தபோது அந்த சத்தியம் இனி வேண்டாம் என்று தோன்றியது.

சம்பந்தியம்மாவிடம், என் அம்மாவுக்கு இருந்தது, எனக்கு இல்லை, சௌமியாவுக்கு இல்லை, வரும் வராது என்று என்னால் எழுதித் தர முடியாது என்றேன். சரி, யோசிக்கிறோம் என்று வைத்துவிட்டார். அதிலிருந்து பேச்சில்லை. நான் காத்திருக்கிறேன்.

திட்டித் தீராத
அக்கா

*

குட்வில் எஸ்டேட்,
14.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு நலம். மனசு பாராடாங்கில் இருக்கிறது.

அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்தேன். காக்கா விரட்டுகிறாள் என்று நான் நம்பியிருக்கிறேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அந்த விதையும் வெயிலும்தான் இந்த வைத்தியத்துக்கு ஆதி, அதிலிருந்துதான் மாத்திரை தின்று வெயிலில் நிற்பது வந்தது, அதிலிருந்து இந்தப் பெட்டி வந்தது என்றார். வழி தெரிந்திருக்கிறது உங்கள் அம்மாவுக்கு, அளவுதான் தெரியவில்லை என்றார்.

இன்னொன்று. கன்னத்து வெள்ளைக்குள் பழுப்பாகப் புள்ளி புள்ளியாக நிறம் வந்திருக்கிறது. முடி முளைக்கும் துவாரத்திலிருந்துதான் நிறம் திரும்பி வருமாம். நான் ஈ எச்சம் என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், சித்ரா கையைப் பிடித்து நிறுத்தினாள். முகம் சீக்கிரம் கேட்கும், விரல்கள் அவ்வளவாகக் கேட்காது, திரும்பவும் வரலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும்.

டார்ச் அளவுக்கு ஒரு விளக்கு வந்திருக்கிறதாம். வீட்டிலேயே காட்டிக்கொள்ளலாம், டாக்டர் போனில் பார்த்து அளவு சொல்லுவார். கப்பல் ஏறி வரமுடியாத தீவுக்காரர்களுக்காக டாக்டரம்மா அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். பக்கத்து வார்டில் மஞ்சள்காமாலையோடு பிறந்த குழந்தைகளை நீல லைட்டில் படுக்கவைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கிற நர்ஸ் என்னைப் பார்த்தால், "உங்க கூட்டாளிங்க எல்லாம் தூங்குறாங்க சார்" என்பார்.

பாராடாங்கில் சரி என்றாலும், மணவறையில் மச்சானின் தம்பியே நிற்கட்டும் அக்கா. நான் கூட்டத்தில் பின்னால் நிற்கிறேன். வீடியோக்காரன் முகத்தில் லைட் அடிப்பான். பிள்ளைகளின் கல்யாணப் படத்தில் காலத்துக்கும் இந்த முகம் இருக்கவேண்டுமா?

தேவேந்திரன்

*

ஹட் பே,
28.9.2025

அன்பு மாமாவுக்கு,

சௌமியா எழுதுகிறேன். எல்லாரும் நலம். அம்மா எழுதினால் திட்டித் தாளை நிரப்பிவிடுவாள் என்று பேனாவை நான் பிடுங்கிக்கொண்டேன்.

பாராடாங்கில் அவர் வீட்டில் பேசி முடிந்தது. அவர் அம்மா ஒரு வாரம் யோசித்தார்களாம். அவர் கடைசியில், "அது வந்தாலும் லைட்டு இருக்குல்ல" என்று மட்டும் சொன்னாராம். அதிகம் பேசாதவர் என்று அம்மா எழுதியிருப்பாளே, அதில் இது ஒரு வசதி, பேசினால் கேட்கிறார்கள். ஐப்பசியில் நாள் குறித்திருக்கிறார்கள்.

நீங்கள் பின்னால் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் மணவறைக்குப் போகாமல் பின்னால் வந்து உங்கள் பக்கத்தில் நிற்பேன். பிறகு ஐயர் என்ன செய்வாரோ, அவர் பாடு.

உங்கள்
சௌமியா

(அக்கா எழுதுகிறேன்: இவள் செய்தாலும் செய்வாள். ஒழுங்காக வந்து சேர்.)

*

ஹட் பே,
9.11.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். கப்பலில் சித்ராவுக்கு வாந்தி வராமல் போய்ச்சேர்ந்தீர்களா?

கல்யாண வீடியோ வந்தது. ஊரே உட்கார்ந்து பார்த்தது. நீ சௌமியா கையைப் பிடித்துக் கூட்டிவருகிறாய். வீடியோக்காரன் பெரிய லைட்டைத் தூக்கிக்கொண்டு உன் மூஞ்சிக்கு நேரே வருகிறான். நீ எங்கே திரும்பிக்கொள்வாயோ என்று பயந்தேன். நீ திரும்பவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரிக்கிறாய். பாதி பழுப்பு, பாதி வெள்ளை, நம் அப்பா சிரிப்பு. எனக்கு அந்த இடம் போதும். அதை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறேன் என்று உன் மச்சான் கோபிக்கிறார்.

நேற்று ஒரு பெங்காலிப் பெண் வந்தாள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கணுக்காலைக் காட்டினாள். உங்கள் தம்பி போகிற ஆஸ்பத்திரி எது என்றாள். எழுதிக் கொடுத்தேன். அந்த டார்ச் விளக்கு ஹட் பேக்கு எப்போது வரும் என்று டாக்டரம்மாவிடம் நான் கேட்டதாகக் கேள்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. அழவில்லை.

அக்கா

*

குட்வில் எஸ்டேட்,
23.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். அழவில்லை என்று நீ எழுதிய இடத்தில் மை கலைந்திருக்கிறது.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். விளக்குக்குப் பதில் இன்னும் வரவில்லையாம். வந்தால் முதலில் ஹட் பேக்குத்தான் என்கிறார். அந்தப் பெண்ணை வரச்சொல். டிக்கெட் என் பொறுப்பு.

ஆமாம், கவுண்டருக்குத் திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை மாஸ்க்கைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தேன். முதல் ஆள் யார் தெரியுமா? வெள்ளைச்சாமி அண்ணன். கம்பிக்குள் குனிந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"என்ன தேவா, லைட் வைக்கிறத நிப்பாட்டிட்டாங்களா?"

"வைக்கல அண்ணே, காட்டுறாங்க. இன்னும் கொஞ்ச நாள் காட்டுவாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானப்பா" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அவருக்குப் பின்னால் பெரிய வரிசை. ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை அக்கா. எல்லாரும் என் கம்ப்யூட்டரைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள், சீட் இருக்கிறதா என்று. இதற்காகவா நான் இத்தனை மாதம் உள்ளறையில் ஒளிந்து கிடந்தேன்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் வருகிறேன். சௌமியா பாராடாங் போய்விட்டாள், போன் இனி உன் கையில்தானே இருக்கும். திட்டுவதை முகத்தைப் பார்த்தே திட்டு.

உன் தம்பி
தேவேந்திரன்